வெட்டே இல்லாத தட்டில் இருபது பாட்டு வந்தது எப்படி, தெரியுமா?

ஒரு ஆடியோ சிடியில் இருபது பாட்டு இருக்கிறது. முதல் பாட்டு முடியும் இடத்தில் தட்டின் மேல் ஏதாவது கோடு, இடைவெளி, எல்லைக்கல் இருக்கிறதா? மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடினாலும் கிடைக்காது! பழைய எல்.பி. ரெக்கார்டில் பாட்டுக்குப் பாட்டு நடுவே பளபளவென்று ஒரு பட்டை தெரியும்; ஊசியை அங்கே இறக்கலாம். சிடியில் அந்தச் சங்கதியே கிடையாது. ஒரே பிழிவில் சுற்றிய முறுக்கு மாதிரி, உள்ளிருந்து வெளிவிளிம்புவரை அறுபடாத ஒற்றைச் சுருள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே வெறும் 1.6 மைக்ரான். அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கும் மேலே போகும்!

இன்னொன்று தெரியுமா? கிராமபோன் தட்டு வெளியிலிருந்து உள்ளே ஓடும். சிடி உள்ளிருந்து வெளியே ஓடும். தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்று, கடைசிக்கு வரும்போது 200 சுற்று. லேசரின் கண் முன்னால் சுருள் எப்போதும் ஒரே வேகத்தில் நகர வேண்டுமே! அதற்காகத் தட்டே தன் சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு போகிறது.

சரி, ரிமோட்டில் 7ஐ அழுத்தியதும் ஏழாவது பாட்டு மட்டும் எப்படிப் பிசகாமல் வந்து நிற்கிறது? சுருளின் தொடக்கத்தில், முதல் பாட்டுக்கும் முன்னால், ஒரு பொருளடக்கம் எழுதியிருக்கிறது. ஏழாவது டிராக் இத்தனை நிமிடம் இத்தனை விநாடியில் ஆரம்பம் என்கிற வெறும் நேரக் கணக்கு. போதாததற்கு, பாட்டோடு பாட்டாகக் காதுக்குக் கேட்காத ஒரு தடமும் கூடவே ஓடுகிறது. 'இப்போது நீ இருப்பது இத்தனாவது டிராக், இத்தனாவது விநாடி' என்று பிளேயருக்கு ஓயாமல் ஓதிக்கொண்டே வருவது அதன் வேலை. பிளேயர் திரையில் ஓடும் நேரம் அங்கிருந்துதான் வருகிறது. ஆக, சிடியில் டிராக் என்பது ஒரு பொருளே அல்ல. ஒரு குறிப்பு, அவ்வளவுதான்!

இது மனசில் பதிந்துவிட்டால், பதிவு செய்த டிஜே மிக்ஸைத் தனித்தனி டிராக்காக்கி சிடியில் ரைட் பண்ணத் தெரியாமல் திண்டாடுகிறவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். மிக்ஸை வெட்டப் போகிறார்கள். வெட்டவே வேண்டாம். குறித்தால் போதும்.

இரண்டு மணி நேரம், மூச்சே விடாமல்!

பிபிசி ரேடியோ 1இல் 'எசென்ஷியல் மிக்ஸ்' என்ற நிகழ்ச்சி 1993 அக்டோபர் 30 அன்று தொடங்கியது. பீட் டாங் நடத்தியது. ஒரு டிஜே, இரண்டு மணி நேரம், நடுவில் நிறுத்தமே கிடையாது. ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்த பாட்டு அதன் அடியில் நுழைந்திருக்கும். இரண்டின் தாளமும் ஒன்றாக ஓடும். எந்த நொடியில் பழையது போய்ப் புதியது வந்தது என்றே பிடிபடாது. 1994 டிசம்பரில் பால் ஓக்கன்ஃபோல்ட் அதே நிகழ்ச்சியில் வாசித்த மிக்ஸுக்குப் பெயர் என்ன தெரியுமா? 'கோவா மிக்ஸ்'! ஆமாம், நம் நாட்டுக் கோவாதான். அங்கே கடற்கரை விருந்துகளில் வளர்ந்த டிரான்ஸ் இசையின் வாடை லண்டன் வானொலி வழியே வீடு வீடாகப் போனது.

அதைப் பிடித்து வைத்தவர்கள் கேசட்டில்தான் பிடித்தார்கள். 90 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். நல்ல இடத்தில் 'டக்'கென்று நிற்கும்; ஓடிப்போய்த் திருப்பிப் போடுவதற்குள் அரை நிமிட இசை காற்றோடு போயிருக்கும். அப்போது வீட்டில் சிடி ரைட்டர் வைத்துக்கொள்வது குபேரன் வீட்டுச் சமாச்சாரம். 1995இல் ஹெச்பி ஒரு ரைட்டரை ஆயிரம் டாலருக்குச் சற்றுக் கீழே விற்றதே பெரிய செய்தி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! சில வருடத்தில் விலை விழுந்தது. அலமாரிக் கேசட்டுகளும் கம்ப்யூட்டரில் சேர்த்த மிக்ஸுகளும் சிடிக்கு மாறத் தொடங்கின.

முதல் ஏமாற்றம் அங்கேதான் காத்திருந்தது. ஒரு மணி நேர மிக்ஸ் ஒரே கோப்பு. அப்படியே ரைட் பண்ணினால் சிடியில் ஒரே டிராக். காரில் போட்டு, நாற்பதாவது நிமிடத்தில் வரும் அந்தப் பாட்டைக் கேட்க ஆசைப்பட்டால் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே அடுத்த சிக்னல்வரை போக வேண்டியதுதான்.

இதையே வேண்டுமென்று செய்த மகானுபாவர் ஒருவர் உண்டு, தெரியுமா? பாடகர் பிரின்ஸ்! 1988இல் வந்த 'லவ்செக்ஸி' ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. முதலில் வந்த சிடிகளில் ஒன்பதும் சேர்ந்து ஒரே டிராக், 45 நிமிடம். தாண்டித் தாண்டிக் கேட்காதே, நான் அடுக்கிய வரிசையில் முழுசாகக் கேள் என்று கலைஞனே போட்ட பூட்டு. அதற்கு நேர் எதிர்க்கோடியில் 'தே மைட் பி ஜயன்ட்ஸ்' குழு. 1992இல் 'அப்போலோ 18' ஆல்பத்தில் 'ஃபிங்கர்டிப்ஸ்' என்ற ஒரு உருப்படியை 21 துண்டு டிராக்காக உடைத்துப் போட்டார்கள். பல துண்டுகள் சில விநாடிதான்! பிளேயரை ஷஃபிளில் போட்டால் பெரிய பாட்டுகளுக்கு நடுவே இந்தத் துணுக்குகள் குபீரென்று வந்து விழ வேண்டும் என்பது திட்டம். இரண்டு வித்தைக்கும் தட்டு ஒன்றுதான். மாறியது பொருளடக்கம் மட்டும்.

ஒரு தட்டில் அதிகபட்சம் 99 டிராக். ஒரு டிராக் நான்கு விநாடிக்குக் குறையக் கூடாது. ஃபிலிப்ஸும் சோனியும் 1980இல் எழுதிய 'சிவப்புப் புத்தகம்' என்ற விதிநூலின் கட்டளை இது.

மௌனம் தேடும் மென்பொருள்

கேசட்டிலிருந்து சிடிக்கு மாற்ற உதவும் மென்பொருள்களில் ஒரு வசதி இருக்கும்: மௌனம் எங்கே வருகிறதோ அங்கே தானாகப் பிரித்துவிடும். சாதாரணப் பாட்டுக் கேசட்டுக்கு இது வரப்பிரசாதம். டிஜே மிக்ஸிடம் போனால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு மணி நேரமும் துழாவிவிட்டுக் கையை விரித்துவிடும், மௌனமே இல்லையே! சில சமயம் அதைவிட மோசம். பாட்டின் நடுவில் டிரம்ஸ் எல்லாம் அடங்கி, ஒரு கீபோர்டு மட்டும் மெல்ல மிதக்கும் இடம் ஒன்று வரும் அல்லவா? கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும் அந்த இடத்தை மென்பொருள் 'பாட்டு முடிந்தது' என்று எடுத்துக்கொண்டு, கச்சிதமாக அங்கே கத்தி வைக்கும்.

ஆகவே காதுதான் கதி. எங்கே குறிப்பது? பழைய பாட்டும் புதிய பாட்டும் ஒரு நிமிடம்கூடச் சேர்ந்து ஓடுமே, அதில் எது எல்லை? புதுப் பாட்டு முதலில் காதில் விழும் இடம் என்பார்கள் சிலர். பழையது முழுசாக ஓயும் இடம் என்பார்கள் சிலர். என் கட்சி வேறு. டிஜே மிக்ஸரில் பழைய பாட்டின் பேஸை இறக்கிப் புதிய பாட்டின் பேஸை ஏற்றும் ஒரு தருணம் வரும். அடிவயிற்றில் உணரும் அந்த அதிர்வு கைமாறும் நொடி. அதற்கு முன்புவரை புதியவர் விருந்தாளி. அதன் பிறகு வீட்டுக்காரர். குறியை அங்கே வையுங்கள். இந்த இசையில் பெரும்பாலும் 32 தட்டுக்கு ஒரு சொற்கட்டு முடியும். கைமாறலும் அந்தக் கட்டின் தலைத் தட்டில்தான் வரும் என்பதால் எண்ணிக்கொண்டே போனால் இடம் தானாக அகப்படும்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2000இல் இலவசமாக வெளிவந்த ஆடாசிட்டி மென்பொருளில் இது விளையாட்டு மாதிரி. மிக்ஸை ஓட விட்டு, பாட்டு மாறும் இடத்தில் கண்ட்ரோலையும் எம் எழுத்தையும் சேர்த்துத் தட்டினால் அங்கே ஒரு லேபிள் விழும். பிறகு அலைவடிவத்தைப் பெரிதாக்கி, டிரம் அடி செங்குத்தாக எழும் விளிம்புக்கு லேபிளை நகர்த்திக்கொள்ளலாம். நேரம் தெரியும் கட்டத்தில் ஒரு ரகசிய வசதியும் உண்டு: நேரத்தை விநாடிக்கு 75 கூறாகப் பிரித்துக் காட்டச் சொல்லலாம்.

அது என்ன 75? இந்த விஷயத்தின் உயிர்நாடியே அதுதான்!

ஒரு விநாடியின் எழுபத்தைந்தில் ஒரு பங்கு

ஆடியோ சிடி ஒவ்வொரு விநாடியிலும் ஒலியை 44,100 முறை அளந்து வைக்கிறது. வினோதமான எண்! ஏன் 44,000 இல்லை, ஏன் 45,000 இல்லை? டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க ஆரம்ப காலத்தில் வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் விநாடிக்கு 60 புலம் (அரைப் படம்), புலத்துக்குப் பயன்படும் வரி 245, வரிக்கு மூன்று அளவு, அதாவது மூன்று சாம்பிள். பெருக்குங்கள்: 44,100! ஐரோப்பிய முறையில் 50 புலம், 294 வரி, வரிக்கு அதே மூன்று. பெருக்குங்கள்: மறுபடியும் 44,100! இரண்டு முறை டிவிக்கும் பொருந்திய எண் அது. இன்னும் கேளுங்கள், அது 210இன் வர்க்கமும்கூட. 2, 3, 5, 7 என்ற முதல் நான்கு பகா எண்களைப் பெருக்கி, வந்ததை அதனாலேயே பெருக்கினால் சிடியின் இதயத்துடிப்பு!

இந்த 44,100 சாம்பிளையும் சிடி விநாடிக்கு 75 பொட்டலமாகக் கட்டுகிறது. ஒரு பொட்டலத்தின் பெயர் செக்டர். ஒரு செக்டரில் சரியாக 588 சாம்பிள், இடது வலது இரண்டும் சேர்த்து 2352 பைட். ஒரு டிராக் செக்டரின் தலையில்தான் தொடங்க முடியும். நடுவில் தொடங்க அனுமதி இல்லை.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. மிக்ஸை ஏதோ ஒரு இடத்தில் வெட்டி, துண்டு துண்டாக வேவ் கோப்பாகச் சேமிக்கிறீர்கள். அந்த வெட்டு செக்டரின் எல்லையில் போய் விழும் வாய்ப்பு எவ்வளவு? 588இல் ஒன்று! பெரும்பாலும் கடைசி செக்டர் அரைகுறையாகத்தான் நிற்கும். உதாரணத்துக்குக் கடைசியில் 200 சாம்பிள் மட்டும் மிச்சம் என்று வையுங்கள். செக்டரை நிரப்ப இன்னும் 388 வேண்டும். சில மென்பொருள்கள் அடுத்த கோப்பின் தலையிலிருந்து இழுத்து நிரப்பும். மற்றவை என்ன செய்யும்? சுழியத்தைக் கொட்டி நிரப்பும். 388 சுழியம் என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒன்பது பங்குகூட இல்லாத மௌனம். அவ்வளவு சின்ன ஓட்டையைக் காது கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்கும்! ஓடும் பேஸ் நடுவில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி எழும்போது 'டிக்' என்று ஒரு சொடுக்கு. ஒவ்வொரு பாட்டு மாறும்போதும், மிகச் சரியாக டிஜே தன் கைவண்ணத்தைக் காட்டிய இடத்தில், ஒரு 'டிக்'. வயிற்றெரிச்சலாக இருக்காதா?

லேபிளை 75இல் ஒரு பங்கு என்ற கோடுகளிலேயே ஒட்ட வைத்தால் இந்தத் தொல்லை அடியோடு ஒழிந்தது. 13 மில்லிவிநாடிக்கு ஒரு கோடு வருவதால் எந்தத் தாளத்துக்கும் போதிய நெருக்கம் உண்டு. தாளம் என்றதும் இன்னொரு அதிசயம்! நிமிடத்துக்கு 125 தட்டு என்பது ஹவுஸ் இசையில் சர்வசாதாரணமான வேகம். ஒரு தட்டுக்கு 0.48 விநாடி. அதை 75ஆல் பெருக்கினால் வருவது துல்லியமாக 36 செக்டர்! தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அந்த வேகத்தில் ஓடும் மிக்ஸில் ஒரு தட்டை செக்டர் கோட்டில் பொருத்திவிட்டால், வேகம் மாறாதவரை ஒவ்வொரு தட்டும் கோட்டின் மேலேயே வந்து உட்காரும். 128 தட்டு வேகத்தில் அந்தக் கொடுப்பினை தட்டுக்குத் தட்டு கிடைக்காது. ஆனால் 32 தட்டு சேர்ந்தால் சரியாக 15 விநாடி, அதாவது 1125 செக்டர். சொற்கட்டின் தலைக்குத் தலை பொருந்தும்!

இரண்டு விநாடி வில்லன்

சொடுக்குக்கே இந்தப் பாடு என்றால், இரண்டு விநாடி மௌனம் விழுந்தால்? விழும்! சிடி ரைட் பண்ணும் மென்பொருள்களுக்குப் பாட்டுக்குப் பாட்டு இரண்டு விநாடி இடைவெளி விடுவது பிறவிக் குணம். அதிலும் ஒவ்வொரு டிராக்காக எழுதும் முறையில், ஒரு டிராக் முடிந்ததும் லேசர் அணைந்து, அடுத்ததற்கு மறுபடி பற்றிக்கொள்ளும். நடனம் உச்சத்தில் இருக்கும்போது மின்சாரம் போய் வந்த மாதிரி மிக்ஸ் செத்துப் பிழைக்கும். 'டிஸ்க் அட் ஒன்ஸ்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் லேசர் அணைவதே இல்லை. பொருளடக்கத்தை முதலில் எழுதிவிட்டு, முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடிவரை ஒரே மூச்சு. இடைவெளியையும் சுழியமாக்கிவிட வேண்டும். முதல் டிராக்குக்கு முன்னால் இருக்கும் இரண்டு விநாடியை மட்டும் யாராலும் எடுக்க முடியாது. அது விதிநூல் கேட்கும் காணிக்கை.

எல்லாவற்றையும்விட அழகான வழி ஒன்று உண்டு. கியூ ஷீட்! ஜெஃப் அர்னால்ட் என்பவர் தம்முடைய சிடிஆர்வின் மென்பொருளுக்காக வகுத்த சின்னஞ்சிறு எழுத்துக் கோப்பு. அதில் இருப்பதெல்லாம் இவ்வளவுதான்: மிக்ஸ் கோப்பின் பெயர் ஒரு வரி; பிறகு டிராக் 01, தொடக்கம் 00:00:00; டிராக் 02, தொடக்கம் 06:18:37; டிராக் 03, இப்படியே. மிக்ஸ் கோப்பில் யாரும் கை வைக்கவில்லை, ஒரு சாம்பிள்கூடப் போகவில்லை, கூடவும் இல்லை. நோட்பேடில் எழுதிய நாலு வரி தட்டின் பொருளடக்கமாகிவிடுகிறது. இந்த வேலைக்கு இதுதான் சரியான வழி, மற்றதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை என்பேன்.

ஒரு பொடி உண்டு அதில். 06:18:37இல் கடைசி 37 என்பது நூற்றில் 37 அல்ல, 75இல் 37! ஆறு நிமிடம் பதினெட்டரை விநாடி என்று நினைத்து 06:18:50 என்று போட்டால் குறி விநாடியில் ஆறில் ஒரு பங்கு தள்ளிப் போகும். 125 தட்டு வேகத்தில் அது ஒரு தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். டிராக் அடித் தட்டில் தொடங்காமல் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே தொடங்கும். 74க்கு மேல் எழுதினால் மென்பொருள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அந்த வகையில் நல்லது.

கியூ ஷீட்டில் ஒளிந்திருக்கும் இன்னொரு வித்தை பலருக்குத் தெரியாது. ஒரு டிராக்குக்கு அதன் தொடக்கத்தைச் சொல்லும் 01 என்ற குறி மட்டுமல்ல, அதற்கு முன்னால் 00 என்ற குறியும் வைக்கலாம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் பகுதி ஓடும்போது பல பிளேயர்களில் நேரம் பின்னோக்கி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள்: மைனஸ் 3, மைனஸ் 2, மைனஸ் 1! நேரடிக் கச்சேரி சிடிகளில் கைத்தட்டலை இந்த இடத்தில் வைப்பார்கள். தொடர்ந்து கேட்டால் கைத்தட்டல் கேட்கும். பட்டனை அழுத்தித் தாவினால் நேரே பாட்டு. டிஜே மிக்ஸுக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? இரண்டு பாட்டும் கலந்து ஓடும் பகுதியை 00க்கும் 01க்கும் நடுவே வைத்துவிடுங்கள். முழுசாகக் கேட்பவருக்குக் கலவை சிதையாமல் வரும். தாவுகிறவருக்குப் புதுப் பாட்டு முழு பேஸோடு எழும் இடத்திலேயே கதவு திறக்கும்.

முதல் டிராக்குக்கு முன்னாலும் 00 உண்டு என்பதுதான் உச்சம். அங்கே பாட்டையே ஒளித்து வைத்தவர்கள் இருக்கிறார்கள்! வேல்ஸ் நாட்டு 'சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ்' குழுவின் 1999ஆம் ஆண்டு 'கெரில்லா' ஆல்பத்தில் முதல் பாட்டு தொடங்கியதும் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனால் அப்படி ஒளித்து வைத்த ஒரு பாட்டு கிடைக்கும். தட்டை வாங்கிப் பல வருடம் வைத்திருந்தும் அதைக் கேட்காமலே போனவர்கள் எத்தனை பேரோ.

700 எம்பி தட்டில் 800 எம்பி!

80 நிமிட சிடியின் அட்டையில் 700 எம்பி என்று போட்டிருக்கும். மிக்ஸை வேவ் கோப்பாகச் சேமித்தால் 80 நிமிடத்துக்கு 84 கோடியே 67 லட்சத்து 20 ஆயிரம் பைட் வருகிறது; கம்ப்யூட்டர் கணக்கில் 807 எம்பி. 'இது தட்டில் கொள்ளாதே' என்று பயந்துபோய் மிக்ஸைச் சுருக்கியவர்கள் உண்டு. கொள்ளும்! அதே தட்டுதான், அதே 3,60,000 செக்டர்தான். கம்ப்யூட்டர் கோப்பு எழுதும்போது 2352 பைட்டில் 2048 மட்டுமே கோப்புக்கு. மீதி 304 பைட் முகவரிக்கும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கும். கோப்பில் ஒரு பிட் மாறினால் புரோகிராம் படுத்துவிடும். பாட்டில் ஒரு பிட் மாறினால் யாருக்குத் தெரியப் போகிறது? அந்தத் தாராளத்தில் மிஞ்சிய இடம்தான் பாட்டுக்குக் கிடைத்த நூறு எம்பி.

சிடிக்கு 74 நிமிடம், 80 நிமிடம் என்ற அளவெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி ஒரே தட்டில் அடங்க வேண்டும் என்பதற்காக என்று ஒரு கதை சொல்வார்கள். ஃபுர்ட்வெங்ளர் 1951இல் பைராய்ட்டில் நடத்திய பதிவு 74 நிமிடமாம். கேட்க இனிக்கிறது, ஆனால் சிடியை உருவாக்கியவர்களில் ஒருவரான கீஸ் இம்மிங்க், காரணங்கள் வியாபாரம் சார்ந்தவை என்று மறுத்து எழுதியிருக்கிறார்.

எழுதாத வெற்றுத் தட்டு உண்மையில் வெற்றா, தெரியுமா? அதுவும் இல்லை! தொழிற்சாலையிலேயே அதில் சுருள் பள்ளம் அச்சாகிவிடுகிறது. அந்தப் பள்ளம் நேராக ஓடாமல் மிக மிக நுட்பமாக நெளிந்து ஓடும். அந்த நெளிவிலேயே நிமிடம், விநாடி, செக்டர் எண் எல்லாம் பொதிந்திருக்கிறது. நீங்கள் ஒரு பாட்டும் எழுதும் முன்பே தட்டின் ஒவ்வொரு இடத்துக்கும் தன் நேரம் தெரியும்! அதன் மேல் பூசிய சாயத்தை லேசர் சுடும்போதுதான் பாட்டு ஏறுகிறது. இந்த வகைத் தட்டை 1988இல் ஜப்பானின் தையோ யூடென் அறிமுகப்படுத்தியது. ஆரம்பகால ரைட்டர்களில் கம்ப்யூட்டர் ஒரு கணம் திணறி டேட்டா வராமல் போனால் தட்டு தண்டம். மிக்ஸின் 70ஆவது நிமிடத்தில் அது நடந்தால் கேட்கவே வேண்டாம். 2000இல் சான்யோ நிறுவனத்தின் தொழில்நுட்பம் வந்து, லேசர் நின்று விட்ட இடத்திலிருந்து தொடரக் கற்றுக்கொண்ட பிறகுதான் நிம்மதி.

எம்பி3ஐ வெட்டி அதை சிடியாக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எம்பி3 தன் ஒலியை 1152 சாம்பிள் கொண்ட கட்டங்களாக வைத்திருக்கிறது. சிடியின் 588ஓடு அது ஒட்டாது. போதாததற்கு, மும்முரமான ஒரு கட்டம் தனக்கு முந்தைய கட்டங்களில் மிஞ்சிய இடத்தைக் கடன் வாங்கிக்கொள்ளும்! வெட்டினால் கடன் கொடுத்தவர் ஒரு கோப்பில், வாங்கியவர் இன்னொரு கோப்பில். புதுக் கோப்பின் வாயிலில் ஒரு கரகரப்பு. தவிர, எம்பி3ஆக மாற்றும் ஒவ்வொரு முறையும் தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். ஐபாடிலேயே பாட்டுக்கு நடுவே அந்த இடைவெளியை மறைக்கும் வசதி 2006 செப்டம்பரில்தான் வந்தது. ஆகவே முழு மிக்ஸையும் முதலில் வேவ் ஆக்கிவிட்டு, அதற்குக் கியூ ஷீட் எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டு மணி நேர எசென்ஷியல் மிக்ஸ் ஒரு தட்டில் அடங்காது என்பது வெளிப்படை. 80 நிமிடத்தை முட்ட நிரப்பி மிச்சம் 40ஐ இரண்டாவதில் போடுவது கஞ்சத்தனம்; அறுபது நிமிடத்தை ஒட்டி, ஆட்டம் சற்று அடங்கும் இடமாகப் பார்த்துப் பிரித்தால் இரண்டு தட்டுமே தனித்தனியாகக் கேட்க நன்றாக இருக்கும். உண்மையான வெட்டு தேவைப்படுவது இங்கே மட்டும்தான். முதல் தட்டின் முடிவில் மெல்ல மங்கவிட்டு, இரண்டாவதன் தொடக்கத்தில் சில விநாடி பின்னால் போய் அதே இசையிலிருந்து மெல்ல எழவிடுங்கள்.

பாட்டுகளின் பெயர் தெரியாவிட்டால்? 2002இல் ஷஸாம் இங்கிலாந்தில் தொடங்கியபோது அது ஆப் அல்ல, ஒரு டெலிபோன் எண்! 2580ஐ அழுத்தி, போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினால் பாட்டின் பெயர் குறுஞ்செய்தியாக வரும். டிஜே மிக்ஸிடம் அந்த வித்தை அடிக்கடி தடுமாறும். டிஜேக்கள் பயன்படுத்தும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 டர்ன்டேபிளில் வேகத்தை 8 சதவீதம்வரை கூட்டலாம், குறைக்கலாம். முழுசாகத் தள்ளினால் சுருதி ஒரு அரை ஸ்வரத்துக்கும் மேலே ஏறிவிடும். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத வேஷம்!

கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டதும் பாட்டுப் பெயரெல்லாம் தானாக வருமே, அது பாட்டைக் கேட்டுத்தான் வருகிறது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இல்லவே இல்லை! சிடிடிபி என்ற அந்தத் தரவுக் களஞ்சியம் ஒரு நொடி இசையைக்கூடக் கேட்பதில்லை. டிராக்குகள் தொடங்கும் விநாடிகளை எடுத்து, அவற்றின் இலக்கங்களைக் கூட்டி, தட்டின் மொத்த நீளத்தையும் டிராக் எண்ணிக்கையையும் சேர்த்து எட்டு எழுத்தில் ஒரு அடையாளம் செய்கிறது. காதால் குறித்துப் பிரித்த மிக்ஸின் கணக்கு அநேகமாக உலகத்தில் வேறு எந்தத் தட்டோடும் ஒட்டாது. ஆனால் சோம்பல்பட்டு, ஒரு மணி நேர மிக்ஸை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக 12 சம துண்டு போட்டால்? தொடக்கங்கள் 2, 302, 602 என்று 3302 விநாடிவரை போகும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87. உலகத்தில் யார் எந்த ஒலியை அப்படிப் பன்னிரண்டாகப் பிரித்தாலும் அதே 87, அதே நீளம், அதே 12. கோவா மிக்ஸ், வீணைக் கச்சேரி, கோயில் பிரசங்கம் எல்லாவற்றுக்கும் ஒரே அடையாளம்! அதனால் அப்படிப் பிரித்த தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டதும் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பதிவேற்றிய பெயர்ப் பட்டியல் வந்து நின்றால் திடுக்கிடாதீர்கள்.